பத்து நிமிஷம் கழித்து விழுந்த கோடு

ஜூன் 6

டைம் கீப்பர் அம்மாவுக்கு,

முதலில் உன் புருஷன் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு வந்தால், மயங்கி விழுந்தவன் என்ற பட்டத்தோடு அதை மறைத்தவன் என்ற பட்டமும் சேர்ந்துவிடும்.

முதல் பள்ளிக்கூடம், முதல் நாள், இரண்டாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார்கள். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், பாருங்க" என்று பெரிய மனுஷத்தனமாக என் விரலையே குத்திக் காட்டினேன். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் ரத்தம் எடுத்துப் பிழைக்கிறேன். என் ரத்தத்தை நான் பார்த்ததே இல்லை என்பது, அது விரல் நுனியில் சொட்டாக எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது. கண் விழித்தபோது கூரை தெரிந்தது. முன்பல் இல்லாத ஒரு பெண்பிள்ளை கணக்கு நோட்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தது. "சார், எறும்பு பெருசா?" என்று கேட்டது. பிள்ளைகளுக்கு வைத்திருந்த மிட்டாயில் இரண்டை கூட வந்த நர்ஸம்மா என் வாயில் போட்டார். அந்தக் கூத்தில் ஆறு பிள்ளைகள் குத்துப்படாமல் நழுவிவிட்டார்கள், விசிறியவளும் சேர்த்து. அவர்களுக்காகக் கடைசியில் ஒரு நாள் திரும்பி வர வேண்டும்.

வேலை என்னவென்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இந்தப் பக்கம் யானைக்கால் நோய் இருந்தது. ஏழு வருஷம் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ஒழிந்துவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். வீங்கிய காலைப் பார்த்துப் பயனில்லை, அது பழைய கதை. மாத்திரை தொடங்கிய பிறகு பிறந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் ரத்தத்தில் புழுவின் அடையாளம் இருந்தால், கொசு இன்னும் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறது என்று அர்த்தம். மொத்தம் ஆயிரத்து எழுநூறு பிள்ளைகள். தலைக்கு ஒரு பரிசோதனைப் பட்டை, அதில் ஒரு சொட்டு ரத்தம். ஒரு கோடு விழுந்தால் இல்லை. இரண்டு கோடு விழுந்தால் உண்டு. 'உண்டு' பதினெட்டுக்குள் நின்றால் ஒழிந்தது என்று எழுதலாம். பத்தொன்பது ஆனால் போச்சு. இன்னும் இரண்டு வருஷம் மாத்திரை, அப்புறம் மறுபடி இதே பரிசோதனை, அதுவரை நானும் இங்கேயே.

பஸ் டிப்போவில் நேரம் பதிகிறவள் நீ, இப்போது சிரிக்கலாம். அந்தப் பட்டையைச் சரியாகப் பத்தாவது நிமிஷத்தில் பார்க்க வேண்டுமாம். தாண்டினால் இல்லாத கோடு தானாக எழும்புமாம். "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிச் சொல்லியே 'பத்து நிமிஷம்' என்று பேர் வாங்கியவனைத் தேடிப் பிடித்து இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

போனில் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். "பேசினா சிரிக்க வெச்சுத் தப்பிச்சுடுவீங்க. எழுதுங்க." எழுதுகிறேன். பேசாமல் இருந்துகொண்டே பெட்டியை இவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாயே, அதற்கு நன்றி. திறந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூடாமலே வைத்திருந்தேன்.

தையல் ஆறிவிட்டதா?

பத்து நிமிஷம்

ஜூன் 21

டைம் கீப்பர் அம்மாவுக்கு,

பதினைந்து நாளாகத் தபால்காரரை மறித்து நிற்கிறேன். முதல் வாரம் "இன்னைக்கு இல்ல சார்" என்றார். இரண்டாம் வாரம் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுகிறார். உனக்கு நான் செய்ததை அவர் எனக்குச் செய்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதுவரை தொள்ளாயிரம் பிள்ளைகள், பதினொரு 'உண்டு'. எங்கள் குழுவின் டாக்டரம்மா நெற்றியைத் தேய்க்கிறார். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு வாட்ச், கழுத்தில் கயிறு கட்டி இன்னொன்று. நீ பார்த்தால் மகளாகத் தத்து எடுத்துக்கொள்வாய்.

என் அறை சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே. பகலெல்லாம் கீழே டியூபுக்குக் காற்று அடிக்கிற சத்தம், மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஸ்டவ். காலையில் இரண்டு கிளாஸ் டீ போடுகிறேன். ஒன்றுதான் போட வேண்டும் என்பது இரண்டாவதை ஊற்றி முடித்த பிறகே ஞாபகம் வருகிறது. ஒன்றைச் சூடாகவும் மற்றதை ஆறிய பிறகும் நானே குடிக்கிறேன். நர்ஸம்மா என் தூக்கமின்மைக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார்.

திட்டியாவது எழுது. தபால்காரரின் கால்வலி குறையும்.

பத்து நிமிஷம்

ஜூலை 2

உங்களுக்கு,

கடிதங்கள் வந்தன. முதலாவது ஜூன் 11 பகல் 1.15. இரண்டாவது ஜூன் 26 பகல் 1.05. உடனே பதில் போடாததற்குக் காரணம் நேரமின்மை இல்லை.

தையல் ஆறிவிட்டது. வேலைக்குத் திரும்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. நாற்காலியில் ஒரு தலையணை வைத்திருக்கிறார்கள். கண்டக்டர்கள் என் ஜன்னலில் தாளை நீட்டும்போது மெதுவாகப் பேசுகிறார்கள், வயிற்றில் இருந்த கல்லை எடுத்ததற்கும் காது கேட்பதற்கும் சம்பந்தம் உண்டு என்பது போல. ஒருத்தர் மட்டும், "பத்து நிமிஷம் எப்பக்கா வருவாரு?" என்று கேட்டார். அந்தப் பேரைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் தம்பி ஞாயிறுதோறும் வந்து குடம் தூக்கி வைக்கிறார். கேட்காமலே செய்கிறார். குழாயை இறுக்கிவிட்டு இரண்டு நாற்காலியில் எதில் உட்காருவது என்று பார்ப்பார். உங்களுடையதில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போவார்.

உங்கள் பக்கத்திலிருந்து வருவது மாலை 5.50 வண்டி. இந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு தடவைதான் தாமதம், நாலு நிமிஷம். வந்த நேரத்தைப் பதிவு செய்வது என் வேலை. கடைசி ஆள் இறங்கும்வரை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை இல்லை.

பெரியவர்கள் தங்கள் விரலைக் குத்திக்கொள்வதை நிறுத்துங்கள். மிட்டாய் பிள்ளைகளுக்கு.

டைம் கீப்பர்

ஜூலை 10

டைம் கீப்பர் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் தெருவைக் கடந்து வந்து கையில் கொடுத்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம். உன் எண்களை எனக்குத் தெரியும், டிப்போப் பதிவேட்டில் அச்சடித்த மாதிரி நிற்கும். உன் எழுத்தைப் பக்கம் பக்கமாக இப்போதுதான் பார்க்கிறேன். நினைத்திருந்ததைவிடச் சாய்ந்திருக்கிறது. கோபத்தில் சாய்ந்ததாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தால் ஒரு விபத்து நடந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

கடைசி நாள். நழுவிய ஆறு பேருக்காக முதல் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனோம். அதுவரை பதினெட்டு 'உண்டு'. வாசலில் வந்து நிற்கிற மழை மாதிரி நின்றுகொண்டிருந்தது எண்ணிக்கை. ஆறு விரலையும் குத்தி, ஆறு பட்டையையும் தட்டில் வரிசையாக வைத்தேன். மணி 12.04. டைமரைத் திருகினேன். நர்ஸம்மா பிள்ளைகளை வகுப்பில் விடப் போனார். நான் தனியாக. சட்டைப் பையில் உன் கடிதம். பார்ப்போமே என்று எடுத்தேன்.

டைமர் அடித்தது. அடித்தது எனக்குக் கேட்டது. கேட்காமல் போயிருந்தால் கூட மன்னிப்பு உண்டு. அதைத் தட்டி அடக்கி, "இதோ" என்று சொன்னது நான்தான். டைமரிடம்.

அடுத்து கேட்டது சாப்பாட்டு மணி. நிமிர்ந்தேன், 12.31. தட்டைப் பார்த்தால் ஐந்து பட்டையில் ஒரு கோடு. ஆறாவதில் இரண்டாவது கோடு, பென்சிலால் இழுத்து அழித்த மாதிரி மங்கலாக. முன்பல் இல்லாதவளுடையது. கை தானாகப் பதிவேட்டில் எழுதியது: பார்த்த நேரம் 12.14. முடிவு: உண்டு.

பத்தொன்பது.

அது புழுவின் கோடா, என் தாமதத்தின் கோடா என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் இரண்டு வருஷம் இங்கேதான். திறந்தாலோ, 'வீட்டுக்குப் போக ஆசைப்பட்டு அளக்கிறான்' என்பார்கள். அது பொய்யும் இல்லை. வீட்டுக்குப் போக ஆசையாகத்தான் இருக்கிறது. சில சமயம் எனக்கே சந்தேகம் வருகிறது, உண்மையிலேயே லேட்டாகத்தான் பார்த்தேனா, லேட்டாகப் பார்த்திருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்து நினைத்து அப்படி ஆகிவிட்டதா என்று.

நீயானால் என்ன செய்வாய்?

பத்து நிமிஷம்

ஜூலை 16

உங்களுக்கு,

நடந்தது 12.31. எழுதியது 12.14. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் டிப்போவில் இதைச் செய்த ஆளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போய்ச் சொல்லுங்கள். நம்புகிறார்களா இல்லையா என்பது அவர்கள் கவலை.

என்னிடம் கேட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன். எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

மே 22. காலை எட்டு மணிக்கு என்னை ஆபரேஷனுக்குக் கூட்டிப் போவதாக இருந்தது. "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனில் சொன்னீர்கள். 8.40-க்கு உங்கள் இடத்தில் யாரோ ஒருத்தன் சம்மதக் கையெழுத்துப் போட்டான். பக்கத்துக் கட்டில்காரியின் மருமகன். அவன் பேர் கூட எனக்குத் தெரியாது. மறுநாள் வந்து பஸ் லேட் என்றீர்கள்.

என்னிடம் போய் பஸ் லேட் என்றீர்கள். அன்றைய தாளை வேலைக்குத் திரும்பிய முதல் நாளே எடுத்துப் பார்த்தேன். நீங்கள் வந்த வண்டி 7.22-க்கு வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று நிமிஷம் முன்னதாக.

பொய் எனக்குப் பழக்கம்தான். டிரைவர்கள் தினம் சொல்வார்கள். விஷயம் அது இல்லை. பத்தொன்பது வருஷத்தில் யாருக்காகவும் ஒரு வண்டியை நிறுத்தி வைத்ததில்லை. மந்திரி வீட்டுக் கல்யாணக் கூட்டம் ஓடிவந்தபோது கூட விசில் கொடுத்தவள். அன்று நர்ஸிடம் நாலு தடவை கேட்டேன். "இன்னும் பத்து நிமிஷம் பாருங்கம்மா, வந்துடுவாரு." உங்கள் வார்த்தையை நான் சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். நாற்பது நிமிஷம் ஒரு ஆபரேஷனை நிறுத்தி வைத்தேன்.

எங்கே இருந்தீர்கள்?

டைம் கீப்பர்

ஜூலை 23

டைம் கீப்பர் அம்மாவுக்கு,

முதலில் உன் கேள்விக்கு.

ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். ஏழரைக்கே வந்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பெஞ்சு உண்டு. மேலே ஏறப் போகும்போது பச்சைத் துணி போர்த்திய ஒரு தள்ளுவண்டி எதிரே போனது. யாரோ என்னவோ. படியில் வைத்த காலை எடுத்துவிட்டு அந்த பெஞ்சுக்குத் திரும்பினேன். உட்கார்ந்தேன். அங்கிருந்துதான் உனக்குப் பத்து நிமிஷம் என்று போன் செய்தேன். அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தார். அவருக்குத் தொடர்ந்து மூன்று ஜோக் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "யாருக்குங்க ஆபரேஷன்?" என்று மட்டும் கேட்டார்.

ஊரார் ரத்தம் எனக்கு வேலை. நம் வீட்டு ரத்தம் என்றால் நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைவிட மோசம். இதைச் சொல்வதற்குப் பதில் பஸ் லேட் என்று டைம் கீப்பரிடமே சொல்லும் அளவுக்குத்தான் என் மூளை.

இனி டாக்டரம்மா.

"அந்த ஆறு பட்டையையும் நான் லேட்டா பார்த்தேன்" என்றேன்.

"பன்னண்டு பதினாலுன்னு எழுதியிருக்கீங்க."

"அது பொய்."

"இப்ப சொல்றது?"

"உண்மை."

"பத்தொன்பதுன்னா நீங்க இங்க. பதினெட்டுன்னா வீட்டுக்கு. லேட்டுன்னு சொன்னா லாபம் உங்களுக்குத்தான். நான் எப்படி நம்பறது?"

நான் பொய்யன் என்று நானே நிரூபிக்க வேண்டிய நிலை. ஒன்பது வருஷமாக நீ இலவசமாகச் செய்துவந்த வேலை இது.

நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார். "சாப்பாட்டு மணி அடிச்சப்ப வந்தேன் மேடம். தட்டு மேசை மேலதான் இருந்துச்சு. சார் கையில ஒரு காகிதம். முகம் மட்டும் இங்க இல்ல" என்றார் நர்ஸம்மா.

"அது என்ன காகிதம்?"

"வீட்லேருந்து வந்த கடிதம்" என்றேன்.

"படிக்க அவ்வளவு நேரமா? எத்தனை பக்கம்?"

"ரெண்டு. ஆனா நான் ரெண்டு தடவை படிப்பேன்."

டாக்டரம்மா கழுத்து வாட்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பட்டையில் கோடு விழுகிறதா என்று பார்ப்பது போல. "உங்க வீட்ல டைம் கீப்பர்தானே? அவங்களையே கேட்கிறேன். நீங்க படிக்க எவ்வளவு நேரம் எடுப்பீங்கன்னு எழுத்துல தரட்டும். ஃபைல்ல வெச்சுட்டு மறுபரிசோதனைக்கு உத்தரவு போடறேன்" என்றார். உன் டிப்போ முகவரிக்கு அவரே தாள் அனுப்புகிறார்.

உன் புருஷன் வாசிக்கும் வேகம் அரசாங்க விஷயமாகிவிட்டது. மன்னித்துக்கொள். எல்லாவற்றுக்கும்.

பத்து நிமிஷம்

ஜூலை 29

மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

தங்கள் தாள் கிடைத்தது. கேட்டதற்குப் பதில்:

என் கணவர் உதட்டை அசைத்து, வரிக்குக் கீழே விரல் வைத்து வாசிப்பவர். அவருடைய தம்பியும் அப்படியே. எனவே டிப்போச் சுற்றறிக்கை ஒன்றை என் கையெழுத்தில் இரண்டு பக்கம் நகல் எடுத்து, தம்பியை மூன்று தடவை வாசிக்க வைத்து, நேரம் எடுத்தேன். சராசரி ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் பத்து விநாடி. இரண்டு பக்கத்தை இரண்டு தடவை வாசிக்கப் பதினாறு நிமிஷம் நாற்பது விநாடி. என் கணவர் தன்னைத் திட்டியிருக்கும் இடத்தில் நின்று ஒரு தடவை தலையை ஆட்டுவார். அதற்குத் தனியாக அரை நிமிஷம் சேர்க்கலாம்.

பணியில் சேர்ந்த நாள் முதல் நான் பதிந்த எந்த நேரமும் திருத்தப்பட்டதில்லை.

டைம் கீப்பர்

(இது உங்களுக்கு. மேலே உள்ளது நகல். அசல் நேராக டாக்டருக்குப் போய்விட்டது.

அந்த பெஞ்சு எனக்குத் தெரியும். நான் படுத்திருந்த கட்டில் ஜன்னலிலிருந்து பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரை தெரியும். நாற்பது நிமிஷம் அந்தக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதற்குக் கீழே.

மேலே வந்து மயங்கி விழுந்திருக்கலாம். ஆஸ்பத்திரிதானே.)

ஆகஸ்ட் 9

டைம் கீப்பர் அம்மாவுக்கு,

டாக்டரம்மா உன் சான்றிதழை இரண்டு தடவை படித்தார். அவருக்கு ஒன்றரை நிமிஷம்தான் ஆனது. "இப்படி ஒரு ஆள் எனக்கு டீம்ல வேணும்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றே உத்தரவு.

ஐந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தார்கள். ஐந்தும் 'இல்லை'. முன்பல் இல்லாதவள் மட்டும் ஊரில் இல்லை. அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். ஜீப்பில் இரண்டு மணி நேரம், ஜீப் போகாத இடத்தில் முக்கால் மணி நேரம் நடை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான், முன்னால் இரண்டு வாட்சோடு டாக்டரம்மா.

அப்பாக்காரர் செங்கல் அடுக்கை விட்டு இறங்கவில்லை. "ஒரு தடவ குத்தினது பத்தலையா? எங்க பிள்ளை என்ன இட்லியா, வெந்துச்சான்னு குத்திக் குத்திப் பார்க்க?"

"முதல் தடவ தப்பு பண்ணிட்டேங்க. அவ மேல தப்பு இல்ல, என் மேல" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். தப்பை ஒப்புக்கொண்டு ஒரு ஆபீஸ் ஆள் அத்தனை தூரம் நடந்து வந்து அவர் பார்த்ததில்லை போல. பிள்ளை தானாகவே விரலை நீட்டியது. ஒரு பல் பாதி முளைத்திருக்கிறது.

"சார், இன்னைக்கும் விழுவீங்களா?"

"இன்னைக்கு லீவு."

பட்டையைக் கவிழ்த்துப் போட்ட ஒரு தகர வாளியின் மேல் வைத்தோம். டாக்டரம்மா இரண்டு வாட்சையும் பார்த்தார். இரண்டுக்கும் மூன்று விநாடி வித்தியாசம். அதற்கு வேறு வருத்தப்பட்டார். பிறகு ஐந்து பேரும் வாளியைச் சுற்றி உட்கார்ந்தோம்.

மூன்றாவது நிமிஷத்தில் அம்மாக்காரி கேட்டாள், "ரெண்டு கோடு வந்தா என் பிள்ளைக்குக் கால் வீங்கிடுமாங்க?"

அதுவரை அந்தக் கோடு என் பஸ் டிக்கெட்டாக மட்டுமே இருந்தது. பத்தொன்பது, பதினெட்டு, 5.50 வண்டி, நீ. அது இந்தப் பிள்ளையின் கால் என்று ஒரு மாதமாக எனக்குத் தோன்றவே இல்லை. "வீங்காதும்மா. இருந்தாலும் இப்பவே மாத்திரை குடுத்துடுவோம்" என்றேன். பிள்ளைக்கு 'உண்டு' என்று சொல்லி அனுப்பியதிலிருந்து ஒரு மாதமாக இவள் இந்தப் பயத்தோடு செங்கல் சுமந்திருக்கிறாள். நான் டீ குடித்துக்கொண்டு என் கவலையை வளர்த்திருக்கிறேன்.

பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு ஆள் கிழவனாகிவிடலாம். ஆறாவது நிமிஷத்தில் நான் உன் கட்டிலில் படுத்திருந்தேன். இப்படி நாலு. ஒன்று முடிந்து, கதவைப் பார்த்து, இன்னொன்று கேட்டு வாங்கி.

"டைம்" என்றார் டாக்டரம்மா. குனிந்தார். அப்பாவை வாளியிலிருந்து விலகச் சொல்லிவிட்டு வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதான்."

பதினெட்டு. அம்மாக்காரி பிள்ளையின் தலையில் ஒரு குட்டு வைத்தாள், சந்தோஷத்தில். பிள்ளை என்னிடம் இரண்டு மிட்டாய் கேட்டு வாங்கிக்கொண்டது. பழைய பாக்கியாம்.

அறிக்கை போய்விட்டது. இந்தப் பக்கம் ஒழிந்தது என்று எழுதியாகிவிட்டது. சாமான்களை ஒப்படைத்துவிட்டு ஆகஸ்ட் 30 கிளம்புகிறேன். வந்தால் வீட்டுக்குள் விடுவாயா?

பத்து நிமிஷம்

ஆகஸ்ட் 14

உங்களுக்கு,

ஆகஸ்ட் 30 எனக்கு ஓய்வு நாள். ஓய்வு நாளில் டிப்போவுக்குப் போகும் வழக்கம் எனக்கு இல்லை. அன்று போவேன்.

உங்கள் நாற்காலியின் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. சரி செய்து வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். டாக்டர் எனக்கு அனுப்பிய தாளில் பரிசோதனை நாள் ஜூலை 3 என்று இருந்தது. என் முதல் கடிதத்தை நான் தபால் பெட்டியில் போட்டதே ஜூலை 3 மாலை 4.20-க்கு. அதாவது நீங்கள் அதைப் படித்து முடித்த பிறகு நாலு மணி நேரம் கழித்து.

சான்றிதழ் எழுதும்போதே பார்த்துவிட்டேன். வாசிக்கும் வேகம் கேட்டார்கள், வாசிக்கும் வேகத்தை எழுதினேன். அதில் பொய் இல்லை. நீங்கள் லேட்டாகத்தான் பார்த்திருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை, அந்த விஷயத்தில் உங்களை முழுசாக நம்பலாம்.

ஆனால் அன்று கையில் இருந்தது என்ன காகிதம்?

டைம் கீப்பர்

ஆகஸ்ட் 18

டைம் கீப்பர் அம்மாவுக்கு,

உன்னைக் கட்டிக்கொண்டவன் தேதி விஷயத்தில் கற்பனை செய்யக் கூடாது.

கடிதம் இல்லை. அப்போது உன் கடிதம் எதுவும் வந்திருக்கவில்லை. அதனால்தான் அப்படி ஆனது. கையில் இருந்தது பெட்டிக்குள் மேலாக வைத்திருந்த பட்டியல். சட்டை 5, பேண்ட் 3, துண்டு 2, சோப்பு, பல் பிரஷ், சீப்பு, சவரக் கத்தி, பிரஷர் மாத்திரை காலை ஒன்று, கண்ணாடி உறைக்குள், குடை (மறக்க வேண்டாம்). பதினோரு வரி. கடைசி வரி: உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பேசாமல் இருந்த காலத்தில் நீ எழுதிய அந்த ஒரு வரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முப்பத்து மூன்று நாள் சுற்றினேன். தபால்காரர் கையை விரிக்கும் நாளில் எடுத்துப் பார்ப்பேன். மூன்றாம் தேதியும் அப்படித்தான். கோபக்காரியாக இருந்தாலும் 'கொள்ளவும்' என்று எழுதியிருக்கிறாளே, வெட்டிவிட நினைப்பவள் இப்படி எழுதுவாளா, குடைக்கு மட்டும் ஏன் அடைப்புக்குறி, இப்படியே ஒவ்வொரு வரியாகப் போனேன். டைமர் அடித்தது அப்போதுதான். "இதோ" என்றேனே, அது உனக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

டாக்டரம்மாவிடம், துண்டு இரண்டு சோப்பு ஒன்று என்பதை இருபது நிமிஷம் படித்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? கடிதம் என்றால் கொஞ்சம் கௌரவம். உன்னிடமும் அதே கௌரவத்துக்குத்தான் ஆசைப்பட்டேன்.

பட்டியலைப் பத்திரமாக எடுத்து வருகிறேன். சோப்பு தீர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் பட்டியல்படி இருக்கிறது, குடையும் சேர்த்து.

5.50-க்கு.

பத்து நிமிஷம்

ஆகஸ்ட் 23

உங்களுக்கு,

கடிதம் இன்று பகல் 1.10-க்கு வந்தது. ஜன்னலை மூடிவிட்டுப் படித்தேன். அதனால் 1.15 வண்டி ஒரு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. காரணம் என்ற இடத்தில் 'டைம் கீப்பர்' என்று நானே எழுதியிருக்கிறேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை.

30-ஆம் தேதி படிக்கட்டுக்கு நேராக நிற்பேன். கடைசியில் இறங்காதீர்கள்.

பெட்டி விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் கடிதத்திலேயே நன்றி சொல்லியிருந்தீர்கள். அப்போது நான் கோபத்தில் இருந்தேன், வந்த நன்றியை எதற்குத் திருப்பிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் என்னைக் குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியை அடுக்கியது உங்கள் தம்பி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவர் பேனா பிடித்து எழுதிய முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும். பதினோரு வரியும் அவருடையது.

டைம் கீப்பர்